ஆய்வகத்தில் ஆள் தங்க வேண்டுமானால்: பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ராஜினாமாக் கடிதம் மேசைக்கு வந்த பிறகு ஆளை நிறுத்தப் பார்ப்பது, மாதிரி கெட்ட பிறகு குளிர்பெட்டியின் வெப்பநிலையைப் பார்ப்பது போன்றது. அதற்கு முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன. அவற்றை எந்த வரிசையில் செய்கிறோம் என்பது மிக முக்கியம்.

டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், டோங்காட் பக்கம் மருத்துவ ஆய்வகங்களில் புதிதாகப் பிரிவுப் பொறுப்பு ஏற்றிருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் என்.எச்.எல்.எஸ். என்னும் தேசிய சுகாதார ஆய்வகச் சேவையில் இருந்தாலும் தனியார் ஆய்வகத்தில் இருந்தாலும் வரிசை ஒன்றுதான். சட்டம் பற்றிச் சொல்பவை தென்னாப்பிரிக்காவுக்கு உரியவை.

புதியவர்கள் பலர் முதல் வாரமே ஒரு திருப்திக் கணக்கெடுப்புப் படிவத்தை அச்சடித்து நீட்டுகிறார்கள். அது இந்த வழிகாட்டியில் ஐந்தாவது படி.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் கடந்த 12 மாத ரோஸ்டரை, அதாவது யாருக்கு எந்த நாள் எந்த ஷிப்ட் என்ற பட்டியலை, எடுங்கள். சுவரில் ஒட்டிய சுத்தமான பிரதி வேண்டாம். கடைசியில் உண்மையாக யார் வந்தார்கள் என்று பேனாவால் அடித்துத் திருத்திய பிரதிதான் வேண்டும். ஒருவர் பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் திரும்பத் திரும்ப ஒரே பெயரை எழுதியிருந்தால், அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்துக் கிளம்பக்கூடியவர் பெரும்பாலும் அவர்தான்.

அதோடு ஓவர்டைம் மணிக்கணக்கு, நோய் விடுப்புப் பதிவு, வெளியிட்ட பிறகு திருத்திய முடிவுகளின் பதிவு, திறன் சான்று அட்டவணை நான்கும் வேண்டும். எந்த பெஞ்ச்சில், அதாவது எந்தச் சோதனைப் பகுதியில், முடிவை வெளியிட எத்தனை பேருக்கு அங்கீகாரம் உண்டு என்பதைத் திறன் அட்டவணை காட்டும். ஒரு பெஞ்ச்சுக்கு ஒரே ஒருவர்தான் இருந்தால் அவரால் நிம்மதியாக விடுப்பு எடுக்க முடியாது. அவர் போனால் அந்த பெஞ்ச்சும் நின்றுவிடும்.

கடைசியாக, உங்கள் மேலாளரிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். எதை நீங்களே மாற்றலாம், எதற்கு அவர் கையெழுத்து வேண்டும், எது தலைமை அலுவலகத்தின் கையில் இருக்கிறது என்று அவர் முன்னாலேயே மூன்று பத்தியில் எழுதுங்கள். இது தெரியாமல் ஊழியர்களிடம் பேச உட்கார்ந்தால், உங்களால் தர முடியாததற்குத் தலையாட்டிவிட்டு வருவீர்கள்.

2. போனவர்களைப் பிரித்து எண்ணுங்கள்

ஓராண்டில் விலகியவர்களின் எண்ணிக்கையைச் சராசரி ஊழியர் எண்ணிக்கையால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் விலகல் விகிதம் கிடைக்கும். 24 பேரில் மூவர் போனால் 12.5 சதவீதம். ஆனால் அந்த மூவரில் ஒருவர் ஓய்வு பெற்றவர், ஒருவர் பயிற்சிக்காலம் முடிந்த இன்டர்ன் என்றால், தானாக விரும்பி விலகியவர் ஒருவர்தான். இவர்களைச் சேர்த்து எண்ணுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. சிறிய ஆய்வகத்தில் சதவீதத்தைவிட, போனவர் எத்தனை ஆண்டு இருந்துவிட்டுப் போனார் என்பதுதான் விஷயத்தைச் சொல்லும்.

ஆறு மாதத்துக்குள் போகிறவர் பெரும்பாலும் வரவேற்பிலும் பயிற்சியிலும் ஏமாந்தவர். மூன்று நான்கு ஆண்டில் போகிறவர் மேலே ஏற வழி தெரியாமல் போகிறார், அல்லது பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று பதிவுக்கு விண்ணப்பித்திருக்கிறார். பத்தாண்டுக்கு மேல் இருந்து திடீரென்று போகிறவர் விஷயம் வேறு. அவருக்கு ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. அதைத் தனியாக விசாரியுங்கள்.

3. யாரிடமும் எதையும் கேட்கும் முன் ரோஸ்டரைச் சரிசெய்யுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ரோஸ்டர் கோணலாக இருக்கும்போது "வேலை பிடித்திருக்கிறதா?" என்று கேட்டால் தூக்கமின்மைதான் பதில் சொல்லும். வேலையைப் பற்றிய பதில் வராது. அதோடு, பேச்சுக்கு முன்னாலேயே ஒரு நல்ல மாற்றத்தைக் கண்டவர்கள்தான் பேச்சில் உண்மையைச் சொல்வார்கள்.

அளவுகோலாக 1997-ஆம் ஆண்டின் 75-ஆம் எண் சட்டமான அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்குச் சாதாரண வேலை நேரம் 45 மணிக்கு மிகாமல் இருக்க வேண்டும். ஓவர்டைம் ஒப்புதலோடுதான், அதுவும் வாரத்துக்கு 10 மணிக்குள். ஒரு நாள் வேலை முடிந்து அடுத்தது தொடங்கும் வரை 12 மணி நேரம் தொடர்ச்சியான ஓய்வு, வாரத்தில் ஒருமுறை 36 மணி நேரம் தொடர்ச்சியான ஓய்வு உண்டு. குறிப்பிட்ட ஆண்டு வருமான வரம்புக்கு மேல் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இந்த நேர விதிகளில் பல பொருந்தாது. டெக்னாலஜிஸ்டுகளில் யார் யார் வரம்பைத் தாண்டுகிறார்கள் என்று மனிதவளப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனாலும் எல்லோருக்கும் இதே எல்லையை வைத்து ரோஸ்டர் போடச் சொல்வேன். உடம்புக்குச் சம்பள வரம்பு தெரியாது.

இரவு வேலை என்பது சட்டப்படி மாலை 6 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடைப்பட்டது. அதற்கு ஈடாகப் பணப்படி தர வேண்டும், அல்லது நேரத்தைக் குறைக்க வேண்டும். வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் வீட்டுக்கும் பணியிடத்துக்கும் இடையே போக்குவரத்து கிடைக்க வேண்டும். புதியவர்கள் படியைக் கவனித்துவிட்டுப் போக்குவரத்தை மறந்துவிடுகிறார்கள். இரவு 10 மணிக்கு ஷிப்ட் முடிந்தால் உம்லாசிக்கோ ஃபீனிக்ஸுக்கோ போக மினிபஸ் டாக்ஸி கிடைக்குமா? காரில் வருகிறவருக்கு அது தோன்றவே தோன்றாது. ஷிப்ட் மாறும் நேரத்தை அரை மணி முன்னால் தள்ளியதிலேயே ஒரு நல்ல டெக்னீஷியன் விலகும் எண்ணத்தைக் கைவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது நாள்காட்டி. தீபாவளியும் தைப்பூசமும் இங்கே பொது விடுமுறை அல்ல. புனித வெள்ளி விடுமுறைதான், ஆனால் ஆய்வகத்துக்கு விடுமுறை கிடையாது. அன்றுதான் மவுன்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோயிலில் திருவிழா. காவடிக்கு விரதம் இருப்பவர் பத்து நாள் இரவு ஷிப்டில் நிற்க முடியாமல் தவிப்பார், ஆனால் வாய் திறந்து கேட்க மாட்டார். ஈத், கிறிஸ்துமஸ், தீபாவளி, காவடி எல்லாவற்றையும் ஜனவரியிலேயே ஒரே தாளில் எழுதி, யாருக்கு எது முக்கியம் என்று கேட்டுப் பெயர் குறித்துவிடுங்கள். ஒருவர் கிறிஸ்துமஸைப் பார்த்துக்கொண்டால் இன்னொருவர் தீபாவளியைப் பார்த்துக்கொள்வார். இதில் மேலாளர் அனுமதியே தேவையில்லை.

நம்மவர்கள் கவனிக்கத் தவறும் ஒன்றும் இருக்கிறது. ஜூலு சகாக்களின் குடும்பங்களில் இறுதிச்சடங்கு பெரும்பாலும் சனிக்கிழமை நடக்கும், ஊர் தூரமாக இருக்கும், வெள்ளி இரவே போய்ச் சேர வேண்டும். சட்டப்படியான குடும்பப் பொறுப்பு விடுப்பு ஆண்டுக்கு 3 நாள்தான். இறப்புக்காக என்றால், துணைவர், பெற்றோர், தாத்தா பாட்டி, பிள்ளை, பேரப்பிள்ளை, உடன்பிறந்தவர் இறந்தால்தான் அது கிடைக்கும். வளர்த்த சித்தி அந்தப் பட்டியலில் இல்லை. நமக்கும் சித்தி, பெரியம்மா யார் என்று தெரியும்தானே? ஆகவே சனிக்கிழமை மாற்றிக்கொள்வதற்கு எளிய, எழுத்துப்பூர்வமான ஒரு வழி வையுங்கள்.

இரண்டு தவறுகளை மட்டும் செய்யாதீர்கள். "கல்யாணம் ஆகாதவள்தானே" என்று எல்லா வார இறுதியையும் ஒரே பெண் தலையில் கட்டாதீர்கள். நன்றாக வேலை செய்கிறவர் என்பதற்காகக் கடினமான பெஞ்ச்சை எப்போதும் அவருக்கே கொடுக்காதீர்கள். இரண்டிலும் நாம் இழப்பது நல்ல ஆளைத்தான்.

ரோஸ்டரை ஆறு வாரம் முன்னதாக வெளியிடுங்கள். பிள்ளையின் பள்ளிக் கூட்டமோ கோயில் பூசையோ, திட்டமிட முடிகிறவருக்குத்தான் வேலையும் வாழ்க்கையும் ஒத்துப்போகும்.

4. ஒவ்வொருவரோடும் தனியாகப் பேசுங்கள்

வெளியேறுகிறவரிடம் கேட்கும் கேள்விகளை இருக்கிறவரிடமே கேட்பதுதான் இந்தப் படி. ஆளுக்கு 20 நிமிடம் போதும். பகல் ஷிப்டின் நடுவில் வையுங்கள். இரவு வேலை முடித்தவரை நிறுத்திவைக்காதீர்கள். உங்கள் அறையும் வேண்டாம், தேநீர் அறையும் வேண்டாம். கதவு மூடக்கூடிய, யாருடையதும் அல்லாத ஓர் அறை வேண்டும்.

"சந்தோஷமா இருக்கீங்களா?" என்று கேட்டால் "இருக்கேன்" என்றுதான் பதில் வரும். ஒரு குறிப்பிட்ட நாளைப் பற்றிக் கேளுங்கள். எனக்கு நடந்த ஒரு பேச்சு:

"போன மாசம் எந்த நாள் வீட்டுக்குப் போறப்ப, இனி வரவே வேணாம்னு தோணிச்சும்மா?"

"அப்படியெல்லாம் இல்லக்கா."

நான் பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "அந்த ஞாயித்துக்கிழமை ராத்திரி. அனலைசர்ல க்யூ.சி. விழுந்துடிச்சு. வார்டுல இருந்து போன் மேல போன். யாரைக் கூப்பிடறதுன்னே தெரியல. நான் ஒருத்திதான்."

க்யூ.சி. என்பது கருவியின் தரக்கட்டுப்பாட்டுச் சோதனை. அவளுக்குச் சம்பளமும் குறையில்லை, வேலையும் பிடிக்கும். இரவில் கூப்பிட ஒரு பெயர் இல்லை என்பதுதான் குறை. எந்தப் படிவத்திலும் இது வந்திருக்காது. அந்த மௌனத்தை அவசரப்பட்டு நிரப்பியிருந்தால் எனக்கும் கிடைத்திருக்காது.

வேறு நல்ல கேள்விகள்: எந்த பெஞ்ச்சில் உங்கள் பெயரைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது? கற்றுக்கொண்டு பயன்படாமல் கிடப்பது எது? கடைசியாக யார் நன்றி சொன்னார்கள், எதற்கு? வேறு இடத்தில் வேலைக்குக் கேட்டால் முதலில் எதைப் பற்றி விசாரிப்பீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் இங்கே இல்லாதது.

மொழி விஷயத்தில் கவனம் தேவை. நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு இங்கே ஆங்கிலம்தான் வாய்க்கு எளிது. அதிலேயே பேசட்டும். தமிழ் தெரிந்தவரோடு தமிழில் பேசுவதும் இயல்புதான். ஆனால் மற்றவர்கள் காதில் விழும்படி தமிழிலேயே சிரித்துப் பேசிவிட்டு, ஜூலு சகாவோடு மட்டும் அலுவல் ஆங்கிலத்தில் பேசினால், நீங்கள் நினைக்காத ஒரு செய்தி எல்லோருக்கும் போய்ச்சேரும். எல்லோருக்கும் அதே அறை, அதே 20 நிமிடம், அதே கேள்விகள் இருக்கட்டும்.

அவர்கள் சொல்வதை அவர்கள் சொற்களிலேயே எழுதுங்கள். "பணிச்சுமை" என்று சுருக்கினால் ஞாயிற்றுக்கிழமை இரவு காணாமல் போய்விடும். அங்கேயே எதையும் வாக்களிக்காதீர்கள். "இரண்டு வாரத்தில் என்ன முடியும், என்ன முடியாது என்று சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லி, அந்தத் தேதியைக் காப்பாற்றுங்கள்.

5. படிவம், இப்போதுதான்

பேச்சில் வந்த விஷயங்களையே கேள்விகளாக்குங்கள். ஆயத்தமாக ஒன்று வேண்டுமென்றால் மினசோட்டா திருப்திக் கேள்வித்தாளின் 20 கேள்விச் சுருக்க வடிவம் போதுமானது. சோர்வை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் மாஸ்லாக் அளவீடு இருக்கிறது. மனம் வறண்டுபோதல், மனிதர்களைப் பொருளாகப் பார்க்கத் தொடங்குதல், செய்வதில் நிறைவு குறைதல் என்று மூன்றைத் தனித்தனியாக அது அளக்கும்.

பெயர் எழுத வேண்டாம் என்றால் மட்டும் ரகசியம் காக்கப்படுவதில்லை. 12 பேர் உள்ள பிரிவில் வயது, பாலினம், பெஞ்ச், பணியாண்டு நான்கையும் கேட்டால் ஒவ்வொரு தாளும் யாருடையது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒன்றை மட்டும் கேளுங்கள், அல்லது பக்கத்துப் பிரிவோடு சேர்த்து நடத்துங்கள்.

மேலாளர் தயங்கினால் மருத்துவ ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 15189 என்ற சர்வதேசத் தரத்தைக் காட்டுங்கள். நோயாளிகள், மருத்துவர்களின் கருத்தோடு ஊழியர்களின் கருத்தையும் கேட்டு, எடுத்த நடவடிக்கையைப் பதிவு செய்து, அதை ஊழியர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 பதிப்பு சொல்கிறது. சானாஸ் என்னும் தென்னாப்பிரிக்க தேசிய அங்கீகார அமைப்பின் அங்கீகாரம் வைத்திருக்கும் ஆய்வகத்தில் இது எடுபடும்.

6. இரண்டு வாரத்துக்குள் கண்ணுக்குத் தெரியும் ஒன்றை முடியுங்கள்

பெரியதாக இருக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன பெண்ணின் விஷயத்தில் நாங்கள் செய்தது இவ்வளவுதான்: ஒவ்வொரு இரவுக்கும் தொலைபேசியில் கிடைக்கும் ஒரு மூத்தவரின் பெயரை ரோஸ்டரிலேயே அச்சிட்டோம். அந்த மூத்தவருக்கும் அதற்கான படி கிடைக்கும்படி மேலாளரிடம் கையெழுத்து வாங்கினோம். படி இல்லாமல் செய்திருந்தால் ஒருவருடைய சுமையைத் தூக்கி இன்னொருவர் தலையில் வைத்ததாக ஆகியிருக்கும்.

பகலில் தொலைபேசியும் அப்படித்தான். முடிவைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போதே வார்டு அழைப்புக்கும் பதில் சொல்கிறவர் ஒருநாள் தவறு செய்வார். அந்தப் பயத்தோடுதான் தினமும் வீட்டுக்குப் போகிறார். ஒவ்வொரு ஷிப்டிலும் அழைப்புக்கென்று ஒருவரை மணிக்கணக்கில் மாற்றி மாற்றி வையுங்கள்.

பாதுகாப்பை மட்டும் ஆசைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். காசநோய் பெஞ்ச்சில் உயிரியல் பாதுகாப்புப் பெட்டியின் சான்று காலாவதியாகியிருந்தால் அது திருப்தி பற்றிய கேள்வியே அல்ல, அன்றே தீர்க்க வேண்டியது. இரவு 2 மணிக்கு ஊசி குத்திவிட்டால் யாரை அழைப்பது, எச்.ஐ.வி. தடுப்பு மருந்து எங்கே கிடைக்கும் என்பது பெஞ்ச்சுக்கு நேரே சுவரில் இருக்க வேண்டும். அந்த மருந்தை முடிந்தவரை சீக்கிரம், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். "எனக்கு ஏதாவது ஆனால் இவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் யாரும் தங்க மாட்டார்கள்.

7. உங்கள் கையில் இல்லாததை ஒளிக்காதீர்கள்

சம்பளம் பெரும்பாலும் உங்கள் கையில் இருக்காது. உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் 1959-இல் சொன்ன பிரிப்பு இங்கே உதவும். சம்பளம், மேற்பார்வை, பணிச்சூழல் குறைந்தால் அதிருப்தி வரும். அவற்றைச் சரிசெய்தால் அதிருப்தி போகும், ஆனால் நிறைவு தானாக வந்துவிடாது. நிறைவு வருவது வேலையிலிருந்தும், வளர்ச்சியிலிருந்தும், மதிப்பிலிருந்தும். அதனால்தான் 6-ஆம் படிக்குப் பிறகு 8-ஆம் படி வருகிறது. தலைகீழாகச் செய்தால், உடைந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பாராட்டுச் சான்றிதழ் வாங்குவது போலிருக்கும்.

சம்பளக் கோரிக்கையை எழுத்தில் மேலே அனுப்புங்கள். அனுப்பிய நகலைக் கேட்டவரிடம் காட்டுங்கள். மறுப்பு வந்தால் அதையும் காட்டுங்கள்.

8. மேலே ஏற ஒரு படி வையுங்கள்

ஒவ்வொருவருக்கும் அடுத்த 12 மாதத்துக்கு ஒரே ஒரு வரி எழுதுங்கள்: எந்த பெஞ்ச்சில் புதிதாக அங்கீகாரம் பெறுவார், யார் கற்றுக்கொடுப்பார், எந்த மாதத்துக்குள். திறன் அட்டவணையில் ஒற்றை ஆளை நம்பியிருக்கும் பெஞ்ச்சுகளை இதற்கு முதலில் பயன்படுத்துங்கள். ஆய்வகத்தின் பலவீனமும் தீரும், ஒருவருக்கு வளர்ச்சியும் கிடைக்கும்.

எச்.பி.சி.எஸ்.ஏ. என்னும் தென்னாப்பிரிக்க சுகாதாரத் தொழில் மன்றத்தின் பதிவைத் தக்கவைக்கத் தொடர்கல்விப் புள்ளிகள் வேண்டும். அதை வீட்டில் இரவு உட்கார்ந்து சேர்க்கச் சொல்வது ஊதியமில்லாத ஓவர்டைம். மாதத்துக்கு ஒரு மணி நேரம் வேலை நேரத்திலேயே ஒதுக்குங்கள்.

டர்பன் ஆய்வகங்களில் ஓசைப்படாமல் புகையும் ஒரு விஷயம் உண்டு. பழைய மூன்றாண்டு தேசிய டிப்ளமா படித்தவரும், புதிய நான்காண்டுப் பட்டம் படித்தவரும் ஒரே பெஞ்ச்சில் நிற்கிறார்கள். மூத்தவருக்கு "என் படிப்பு மட்டமா" என்ற வலி, இளையவருக்கு "என் பட்டத்துக்கு என்ன மதிப்பு" என்ற ஏக்கம். மூத்தவரைப் பயிற்சியாளராக்குங்கள், இளையவருக்கு ஒரு புதிய முறையைச் சரிபார்க்கும் பொறுப்பைக் கொடுங்கள். பயிற்சியாளராக ஆக்கினால் அதற்கான நேரத்தை ரோஸ்டரில் காட்டுங்கள். மாணவரைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு முழு பெஞ்ச்சையும் அவரே பார்க்கச் சொன்னால் அது மரியாதை ஆகாது.

9. செய்த வேலை எங்கே போனது என்று தெரியட்டும்

ஆய்வகத்தில் இருப்பவர் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதில்லை. நோய் எதிர்ப்பு அணுக்களான சி.டி.4 எண்ணிக்கை மிகக் குறைவாக வந்த மாதிரியில், மூளைக்காய்ச்சல் தரும் பூஞ்சையைக் கண்டுபிடிக்கும் கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜன் சோதனையும் செய்து, நேர்மறை என்று வெளியிடுகிறார். மூளைக்காய்ச்சல் வருமுன் அந்த மனிதரைத் திரும்ப அழைத்து மருந்து கொடுத்தார்களா என்பது அவருக்குத் தெரியாமலேயே போகிறது.

மாதம் ஒருமுறை வார்டு மருத்துவர் ஒருவரை 15 நிமிடம் அழைத்து, நோயாளியின் பெயர் சொல்லாமல் ஒரே ஒரு நிகழ்வைப் பேசச் சொல்லுங்கள். செலவே இல்லாத இந்தப் படியை ஏனோ பலர் விட்டுவிடுகிறார்கள். இதற்குப் பிறகு மூத்தவர் ஒருவர் பெஞ்ச்சுக்குத் திரும்பிப் போன நடையையே நான் மறக்கவில்லை.

10. கடிதம் வந்துவிட்டால்

ஓராண்டுக்கு மேல் இருந்தவருக்குச் சட்டப்படியான குறைந்தபட்ச அறிவிப்புக் காலம் 4 வாரம். உங்கள் ஒப்பந்தம் அதற்கு மேலும் சொல்லலாம். முதல் நாள் ஏன் என்று கேட்காதீர்கள், எப்போது பேசலாம் என்று மட்டும் கேளுங்கள். எதிர்ச்சலுகையோடு ஓடாதீர்கள். கடிதம் கொடுத்தால்தான் கவனிப்பார்கள் என்று மற்றவர்கள் கற்றுக்கொள்வார்கள்.

நான்கு வாரத்தையும் அவருடைய பெஞ்ச்சை இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்கச் செலவிடுங்கள். பணிச்சான்றிதழைக் கேட்காமலே தயாராக வையுங்கள், அது அவருடைய உரிமை. வெளிநாடு போகிறவர் எச்.பி.சி.எஸ்.ஏ.விடமிருந்து நிலைச் சான்று வாங்க வேண்டியிருக்கும். அதற்கு உங்களால் ஆன உதவியைச் செய்யுங்கள். வேறொரு ஆய்வகத்தில், விலகல் கடிதம் கொடுத்தவரைக் கடைசி மாதம் முழுக்க இரவு ஷிப்டில் போட்டார்கள். அடுத்த ஆறு மாதத்தில் அதே பெஞ்ச்சிலிருந்து இன்னும் இருவர் போனார்கள். போகிறவரை எப்படி நடத்துகிறோம் என்பதை இருக்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

11. மூன்றாம் மாதம் மறுபடி பார்க்க வேண்டியவை

அதற்குள் விலகல் விகிதம் எதையும் காட்டாது. ஓவர்டைம் மணி, ரோஸ்டரில் பேனாத் திருத்தங்கள், திங்கட்கிழமை நோய் விடுப்பு, வெளியிட்ட பிறகு திருத்திய முடிவுகள் என்ற நான்கையும் முதல் படியில் எடுத்த கணக்கோடு ஒப்பிடுங்கள். பேனாத் திருத்தம் பாதியாகக் குறைந்திருந்தால் ரோஸ்டர் வேலை செய்கிறது. குறையவில்லை என்றால் தனிப்பேச்சுக்குப் போகாமல் மூன்றாம் படிக்கே திரும்புங்கள். ஆறாம் மாதம் அதே அறையில் அதே கேள்விகளோடு உட்காருங்கள், முதல் முறை எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு.